கரையில் ஆறடி, கடலில் நாற்பதடி

எங்கள் ஊர்க் கோயிலைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது ஒரு மடிப்புத்தாள் கொடுக்கிறார்கள். வழவழப்பான தாள், நல்ல படம். அதன் மூன்றாம் பக்கத்தில், 'கோபுரம் மையத்தில் அமையாமல் ஆறடி மேற்கே விலகியிருப்பது அக்காலத் தொழிலாளர்களின் அளவுப் பிழை' என்று அச்சடித்திருக்கிறார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவையும் வாசித்தேன். அப்படியேதான் இருந்தது.

அந்த அக்காலத் தொழிலாளர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். அது பிழை இல்லை. தெரிந்தே செய்தது. அளவு முளையைப் பிடுங்கி மேற்கே அடித்த கை இந்தக் கைதான். நாளைக்கே அந்த வேலை திரும்ப வந்தாலும் அதே இடத்தில்தான் அடிப்பேன்.

கட்டடத் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் தங்கள் மலருக்கு என் அனுபவத்தை எழுதச் சொல்லி இரண்டு வருடமாக நடக்கிறார்கள். நான் மசியவில்லை. கோபம் வந்தால்தான் எனக்கு எழுத்து ஓடும். இப்போது வந்துவிட்டது. ஊர்ப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். குளச்சலுக்குக் கிழக்கே, கன்னியாகுமரிக்கு மேற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் எழுதவில்லை என்பது போகப்போகத் தெரியும்.

கடப்புறத்து மீனவர் குடியில் பிறந்த இந்தச் சவரிமுத்து எப்படிக் கொத்தனாரானான் என்று கேட்பீர்கள். கட்டுமரத்தில் ஏறினால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அப்பா மூன்று மாதம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். மீனைவிட என்னைக் கரைசேர்ப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ஊரில் எனக்குக் 'கரைக்கோழி' என்று பெயர் வைத்தார்கள். ரோஷத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி ஆரல்வாய்மொழிப் பக்கம் நடந்த ஒரு சத்திர வேலையில் சேர்ந்தேன். அந்தக் கணவாய்க் காற்றில் தூக்குக்குண்டு ஒரு நிமிடம் நிலையாக நிற்காது. குண்டைத் தண்ணீர் வாளிக்குள் முக்கி ஆட்டத்தை அடக்கி, அப்புறம் நூலைப் பார்க்க வேண்டும். மூன்று வருடம் காற்றோடு மல்லுக்கட்டிச் சுவர் கட்டினேன். அதற்குப் பிறகு எந்த ஊர்ச் சுவரும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது ஊரில் பெரிய கோயில் கட்டும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயம் அது.

முதலில் பழைய கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடிப்புத்தாளில் ஒரு கதை இருக்கிறது. அலையில் ஒரு மரக் குருசு மிதந்து வந்ததாம், அது ஒதுங்கிய இடத்தில் கோயில் எழும்பியதாம். நான் மறுக்கவில்லை. மறுத்தால் என் சம்சாரம் சோறு போட மாட்டாள். ஆனால் எங்கள் கிழவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது வேறு. கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்தில் மீன் கூடும். அதை எங்கள் கரையில் 'மடை' என்போம். தண்ணீருக்கு மேலே பார்த்தால் அந்த இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால் கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளம் பிடிப்பார்கள். கடலில் இருந்து பார்க்கும்போது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் மடையின் மேல் நிற்கிறோம் என்று அர்த்தம். இதற்குக் 'கணியம்' என்று பெயர். எங்கள் மடைக்குப் பின் அடையாளம் இயற்கையிலேயே இருந்தது. முன் அடையாளம் இல்லை. அதற்காகப் பழைய பாய்மரம் ஒன்றைக் கரையில் நட்டார்கள். வெறும் மரத்தை நட்டால் அடுத்த ஊர்க்காரன் மோப்பம் பிடித்துவிடுவான். ஆகவே குறுக்கே ஒரு கட்டையைக் கட்டிக் குருசாக்கினார்கள். குருசு வந்தால் மெழுகுவர்த்தி வரும், மெழுகுவர்த்தி வந்தால் அதை அணையாமல் காக்க ஓலைக் கூரை வரும். கூரைக்குப் பிறகு கல்லும் மண்ணும் வைத்த சிறிய கோயில் வந்தது. அதன் முகப்பில் வெள்ளையடித்த குருசு, சரியாகப் பாய்மரம் நின்ற இடத்தில். இதில் அதிசயம் குறைந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சின்னக் கோயிலுக்குள் ஊர் கொள்ளவில்லை. கடலும் வருடா வருடம் கரையைத் தின்றுகொண்டிருந்தது. பங்குச்சாமியார் உள்ளே தள்ளிப் பெரிதாகக் கட்டலாம் என்றார். பட்டணத்தில் பிளான் போட்டு வாங்கினார்கள். வேலையை நடத்த ஒரு ஓவர்சியரைக் கூட்டி வந்தார்கள். அவர்தான் நாகலிங்கம் பிள்ளை. திருவிதாங்கூர் மராமத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொட்டாரம் பக்கத்தில் வயல்காரக் குடும்பம். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, வெயிலிலும் கழற்றாத கோட்டு. வேதக்காரர் கோயிலை வேளாளர் கட்டுவதா என்று இரண்டு பக்கத்திலும் முணுமுணுத்தார்கள். அவர் முதல் நாளே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய இடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்கினார். கட்டி முடிக்கும் முன்பே அவருக்கு அது கோயில். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. செங்கல் வந்தால் ஒவ்வொரு வண்டியிலும் பத்துக் கல்லை எடுத்து இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போடுவார். உடைந்தால் வண்டி திரும்பிப் போகும். சுண்ணாம்பு சிப்பி சுட்டது. அதைக் கடுக்காய்த் தண்ணீரில் புளிக்க வைத்து, காளை சுற்றும் செக்கில் அரைத்து, கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் சுவருக்குப் போகும். எல்லாவற்றையும்விட மணல் சோதனைதான் வேடிக்கை. பழையாற்று மணல்தான் வேண்டும் என்பது அவர் கட்டளை. வண்டிக்காரர்கள் பாதி வழியில் ஆற்று மணலோடு கடல் மணலைக் கலந்துவிடுவார்கள். பிள்ளை ஒவ்வொரு வண்டியில் இருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால் துப்பிவிட்டுக் கையைக் காட்டுவார். வண்டி வந்த வழியே போக வேண்டியதுதான்.

ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். மணலை நான் ருசி பார்த்து இறக்கிவிட்டேன். மறுநாள் வந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்.

"யாருடே இத இறக்கச் சொன்னது?"

"நான்தான் ஐயா. ருசி பாத்துத்தான் எறக்கினேன்."

"உனக்க நாக்கு கடப்புறத்து நாக்கு டே. பிறந்ததுல இருந்து உப்புலயே கெடக்கு. அதுக்கு என்ன தெரியும்? அள்ளித் தூரப் போடு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது. ஆனால் மணல் உப்பாகத்தான் இருந்தது.

சுவர் கோணினால் அவர் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் வந்து நிற்பார். ரசமட்டம் வைக்காமலே அரை விரல் சாய்வு அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். "பிரிச்சிரு மக்கா" என்பார். பிள்ளையைத் தூங்கப்போடுகிற குரல். ஒரு நாள் முழுக்கக் கட்டியதை அந்த மெல்லிய குரலில் தரைமட்டமாக்கிவிடுவார். ஏதாவது யோசனை சொன்னால், "பிளான்ல உண்டா?" என்பார். இல்லை என்றால் பேச்சு முடிந்தது.

வேலை தொடங்கிய வருடமே ஊர்க்காரர்கள் ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். கோயில் உள்ளே தள்ளிப் போகிறது, பழைய கோயிலை இடித்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் கிழவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு ஒன்றுகூடினார்கள். ஆனால் கணியத்தைக் காகிதத்தில் எழுத முடியுமா? எழுதினால் அடுத்த ஊர்க் கட்டுமரமெல்லாம் எங்கள் மடையில் வந்து நிற்கும். அதனால் கோயில் உபதேசியாரிடம் பூடகமாகச் சொல்லி எழுத வைத்தார்கள். 'கோயிலை நீக்கிக் கட்டினால் எங்கள் மடை போய்விடும். மடை போனால் எங்கள் பிழைப்பும் போய்விடும்.' அவ்வளவுதான் மனு.

பிள்ளை அதை வாசிக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். அவர் முகமே மாறிவிட்டது. வயல்காரர் அல்லவா? குளத்தில் இருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடைதான் அவருக்குத் தெரிந்த மடை. மடைத் தகராறில் தலை உருண்ட கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர். "பாவம் டே. மடையில கைவச்சா எவன் சும்மா இருப்பான்?" என்று சொல்லிவிட்டு மனுவின் மேலேயே குறிப்பு எழுதினார். கோயிலுக்கு மேற்கே நல்ல கருங்கல்லில், பலகை இறங்கப் பள்ளம் வெட்டி, பத்து நாளில் ஒரு மடை கட்டிக் கொடுத்தார். நானும் கல் தூக்கினேன். சுற்றிலும் மணல். ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியதில்லை, ஓடப்போவதும் இல்லை. பிள்ளை ஊர்க்காரர்களைக் கூட்டிக் காட்டி, "இனி உங்க மடைக்கு ஒரு கேடும் வராது" என்றார்.

கிழவர்கள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மிக்கேல் பெரியப்பா, என் அப்பாவின் அண்ணன், ஊரில் மூத்த தூண்டில்காரர், திரும்பி வரும்போது சொன்னார்: "மடை கேட்டா நம்மள மடையனாக்கிட்டாருல்லா லே!" சரியான மடை எது என்று விளக்கவும் முடியாது, இது தப்பு என்று சொல்லவும் முடியாது. பெண்கள் அதன் மேல் மீன் காயப்போட்டார்கள்.

கோயில் வளர்ந்தது. நாலு வருடத்தில் சுவர்கள் எழும்பிக் கூரை வந்தது. அடுத்து முகப்புக்கு முன்னால் தனி அஸ்திவாரத்தில் கோபுரம். அதன் உச்சியில் குருசு ஏறியதும் பழைய கோயிலை இடிப்பது என்று ஏற்பாடு. கோபுரத்துக்கு முளை அடித்த அன்று பெரியப்பா என்னைத் தேடி வந்தார்.

"லே மக்கா, கோபுரம் எங்கன வருகு?"

முளையைக் காட்டினேன்.

"அந்த முளை நிக்க எடத்துல ஒரு பெரிய மூங்கில நாட்டி, தலைப்புல வெள்ளத் துணி கெட்டி வையி. என்னத்துக்குன்னு ஒருத்தன்ட்டயும் பறையாத."

மறுநாள் மடைக்குப் போய் வந்து, "ஒரு ஆளு நீளம் மேக்க போணும்" என்றார். மூங்கிலை மாற்றி நட்டேன். அடுத்த நாள், "இன்னும் ஒரு சாண்" என்றார். மூன்றாம் நாள், "போரும். அங்கனதான் பழைய குருசுக்க நேரு" என்றார். அளந்து பார்த்தேன். பிளானில் இருந்த இடத்துக்கு மேற்கே ஆறடி.

"ஆறடிதானே பெரியப்பா? அதுல என்ன கெட்டுப்போச்சு?"

"கரையில ஆறடி தப்புனா அங்கன நாப்பதடி தப்பும் லே. மடைக்க அகலமே அதுக்கு மேல கொஞ்சந்தான். நான் கண்ணடைச்சாலும் போவேன். எனக்குப் பெறகு வாறவன் எதப் பாத்துப் போவான்? வலை ஓடாத மாசத்துல நாப்பது வீட்டுல கஞ்சி வேகுதுன்னா அந்த மடையாலதான். நீ கடலுக்கு வராண்டாம். வந்தாலும் துப்புகெட்டு ஓங்கரிப்ப. இந்த ஒண்ண மட்டும் ஊருக்குச் செய்யி."

கரைக்கோழி என்று சிரித்த ஊர்தான். ஆனால் அந்தக் கஞ்சியைத்தான் நானும் குடித்து வளர்ந்தேன். மறுநாள் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே நான்கு முளைகளையும் பிடுங்கி ஆறடி மேற்கே அடித்தேன். நூல் கட்டி, மூலைமட்டம் பார்த்து, வானம் தோண்ட ஆளை இறக்கினேன்.

பிள்ளை வந்தார். செருப்பைக் கழற்றினார். நின்று பார்த்தார். டேப்பை எடுத்துக் கோயில் மூலையில் இருந்து அளந்தார். திரும்ப ஒரு தடவை அளந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, "பிரிச்சிரு மக்கா" என்றார்.

"பிரிக்க மாட்டேன் ஐயா."

வேலை நின்றுவிட்டது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அந்த வார்த்தைக்கு மறுவார்த்தை யாரும் சொன்னதில்லை.

"பிளான்ல உண்டா டே?"

"இல்ல. ஆனா இங்கனதான் வரணும்."

"காரணம் சொல்லு."

"காரணம் சொல்ல எனக்கு உரிமை கெடையாது."

"அப்போ நாளைக்கு நீ வரண்டாம்."

கரண்டியைக் கழுவிக் கீழே வைத்தேன். போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நாலு வருசத்துக்கு முன்ன நாங்க கேட்ட மடை இந்த மடை இல்ல ஐயா" என்று மேற்கே இருந்த கருங்கல் மடையைக் கையால் காட்டினேன். "அதுல தண்ணி ஓடி நீங்க எப்பமாவது பாத்தியளா?"

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பயம் இல்லாமல் இல்லை. கலியாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் தோற்றுப்போன மாதிரி மட்டும் இல்லை. சாயந்திரம் வாசலில் செருப்புச் சத்தம். பிள்ளை தனியாக வந்து நின்றார். கடப்புறத்து வீட்டு வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"நான் அந்த மடைக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் இருந்து பாத்தேன் டே. சாளை மீன் காயுது. அப்போ நீங்க கேட்டது எந்த மடை?"

நான் பெரியப்பாவிடம் ஓடினேன். பெரியப்பா வலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அவரே வந்து பிள்ளைக்கு முன்னால் நின்றார்.

"பறஞ்சா வெளங்காது ஏமானே. நாளைக்கு எனக்க கட்டுமரத்துல வாருங்க. காட்டித் தாறேன். ஆனா கண்டத எழுதாண்டாம். ஒருத்தன்ட்டயும் பறையவும் செய்யாண்டாம். நீரு அதுக்குச் சம்மதிச்சாத்தான்."

எல்லாவற்றையும் எழுதி வைக்கிற மனிதர். கோட்டுப் பையில் இருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து என் அம்மா கையில் கொடுத்தார். "நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்" என்றார்.

விடியும்போது கிளம்பினோம். பிளான் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில், ஆறடி மேற்கே வெள்ளைத் துணி கட்டிய மூங்கில். பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கழுத்தில் தூரக்கண்ணாடியோடு கட்டுமரத்தின் நடுவில் உட்கார்ந்தார். முதல் அலையிலேயே திருநீறு போய்விட்டது. இரண்டாவது அலைக்கு நான் வாந்தியெடுத்தேன். மூன்றாவதுக்கு அவர். பெரியப்பா துடுப்பைப் போட்டுக்கொண்டே, "ரெண்டு கொத்தனும் கடலுக்கு நல்லா இரை போடுகியோ" என்றார்.

இரண்டு மைல் போனதும் பெரியப்பா மரத்தை நிறுத்தி, "இப்பம் பாருங்க ஏமானே" என்றார். பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். பழைய கோயில் குருசும் அதன் பின்னால் இருக்க வேண்டியதும் ஒன்றாக நின்றன. அதே நேரில் வெள்ளைத் துணியும் நின்றது. சிவப்புத் துணி தள்ளி, அநாதையாக ஆடிக்கொண்டிருந்தது. பெரியப்பா கல் கட்டிய கயிற்றைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து இறக்கச் சொன்னார். கல் டக்கென்று பாறையில் தட்டியது. தூண்டில் போட்டதும் ஒரு விளமீன் வந்தது. பிறகு மரத்தைச் சிவப்புத் துணியின் நேருக்குத் தள்ளினார். மறுபடி கல்லை இறக்கினார் பிள்ளை. கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சத்தமில்லாமல் எதிலோ புதைந்தது. இழுத்துப் பார்த்தால் கல் முழுக்கச் சேறு. தூண்டில் போட்டோம், ஒன்றும் வரவில்லை.

பிள்ளை அந்தச் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கா டே மடைன்னு பேரு?"

"ஆமா ஐயா."

"நான் உங்களுக்குக் கல்லுல ஒண்ணு கெட்டித் தந்தேனே!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பும் வாந்தியும் சேர்ந்து வந்தது. கரையில் இறங்கி, அம்மாவிடம் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வந்து வானத்தத் தோண்டு. வெள்ளத் துணியில" என்றார்.

அவர் பிளானைத் திருத்தவில்லை. திருத்தினால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் பத்துப் பேர் வாசிப்பார்கள். கோபுரத்தை வெள்ளைத் துணியில் எழுப்பினோம். அவர் வாழ்க்கையில் பிளானை மீறி வைத்த கற்கள் அவைதான் என்று நினைக்கிறேன். அந்தக் கல்லையும் இடுப்பு உயரத்தில் இருந்து போட்டுப் பார்த்துத்தான் வைத்தார்.

கோபுரம் இரண்டு நிலை ஏறியபோது மேற்பார்வை பார்க்க வெளியூரில் இருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். கோபுர வாசலுக்குள் நுழைந்தார். பீடம் எதிரே இல்லை, வலதுபக்கம் தள்ளித் தெரிந்தது. பிளானை விரித்தார். முகம் சிவந்தது.

"இங்கே நூல் பிடித்தது யார்?"

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். பிள்ளையின் குரல் எனக்கு முன்னால் போய்விட்டது.

"நான் பிடிச்சது. தப்பிட்டு."

"ஆறடியா? முப்பது வருஷம் மராமத்தில் இருந்தவர் ஆறடி தப்புவீரா?"

"வயசாயிட்டு. கண்ணு பிடிக்கல்ல."

அரை விரல் சாய்வைக் கண்ணால் பிடிக்கிற மனிதர் அத்தனை ஆட்களுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொன்னார். இன்ஜினீயர் விடவில்லை. எழுதித் தரச் சொன்னார். பிள்ளை தன் அளவுப் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதினார்: 'அளவுப் பிழை. பொறுப்பு என்னுடையது.' அந்தப் புத்தகம் இன்னும் கோயில் அலமாரியில் இருக்கிறது. அதில் இருந்துதான் மடிப்புத்தாள்காரர்கள் அந்த இரண்டு வார்த்தையைப் பொறுக்கியிருக்கிறார்கள். தொழிலாளர் தலையில் வைத்தது அவர்களின் சொந்தச் சரக்கு. எழுதினவர் யார், ஏன் எழுதினார் என்று யாரையும் கேட்கவில்லை. நான் நூறு கெஜத் தூரத்தில் உயிரோடுதான் இருக்கிறேன்.

கட்டியதை இடித்தால் நஷ்டம் என்று கோபுரத்தை விட்டுவைத்தார்கள். ஓவர்சியரை அன்றே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவரைப் பிடித்தேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

"நான் சொல்லிருப்பேனே ஐயா! நீங்க எதுக்கு?"

"நீ என்னத்தச் சொல்லுவ? காரணம் கேப்பான். உனக்க பெரியப்பன்ட்ட நான் வாக்குக் குடுத்திருக்கேம்லா."

"எங்க ஊருக்காக நீங்க..."

"ஊருக்காகவும் இல்ல, ஒரு எழவுக்காகவும் இல்ல. முதல்ல கேட்ட மடையத் தப்பாக் கெட்டுனவன் நான்தானே? சரியாக் கெட்ட வேண்டாமா? வாயத் தொறந்தேன்னா என் மூஞ்சியில முழிக்காத." பஸ் வந்தது. கோட்டைச் சரிசெய்துகொண்டு ஏறினார். அதன் பிறகு அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஆறடி தப்பியவர் என்ற பேச்சு நாகர்கோவில் வரை போய்விட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். எத்தனையோ மாடி கட்டினேன், பாலம் கட்டினேன், சாரத்தில் இருந்து இரண்டு தடவை விழுந்தேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை. இப்போது கடலில் இடம் பார்க்கப் பையன்கள் கையில் கருவி வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவும் போய்விட்டார், பிள்ளையும் போய்விட்டார். ஆகவே இவ்வளவும் எழுதுகிறேன். பின் அடையாளம் எது என்று மட்டும் இப்போதும் சொல்ல மாட்டேன்.

இந்த ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த வருடம் கோபுரத்தின் மேல் குருசு ஏறியது. பழைய கோயிலை இடித்தார்கள். இடித்த மறுநாள் கட்டுமரங்கள் கிளம்பியபோது ஊரே கரையில் நின்றது. மத்தியானம் திரும்பி வந்தபோது ஒவ்வொரு மரத்திலும் கலவாவும் விளமீனும் குவிந்து கிடந்தன. ஒரு மரம்கூட வெறுமையாக வரவில்லை. அடுத்த வாரம்தான் அதைக் கவனித்தேன். பழைய கணியத்துக்கு ஒரு பெயர் இருந்தது. புதுக் கோபுரம் வந்ததும் புதுப் பெயர் வந்துவிட்டது. யார் வைத்தது என்று தெரியவில்லை. மரம் கரையை விட்டுக் கிளம்பும்போதே தலைப்பக்கம் நிற்பவன் துடுப்புப் போடுகிறவனைப் பார்த்துக் கத்துகிறான்: "பிள்ளையப் பிடி மக்கா! பிள்ளைய விட்டுராத!"

அன்றைக்கே கொட்டாரம் போனேன். பிள்ளை வயலில் முழங்கால் தண்ணீரில் நின்று வாய்க்காலில் அடைத்திருந்த பாசியை வாரிக்கொண்டிருந்தார். கோட்டு இல்லை. மெலிந்திருந்தார். வரப்பில் நின்றே விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை.

"எனக்க பேரயா?"

"உங்க பேரத்தான் ஐயா. கணியத்துக்கே அதுதான் பேரு."

"கடல்ல வச்சா?"

"போகும்போதும் சொல்லுகான், வரும்போதும் சொல்லுகான்."

"தெனமுமா டே?"

"ஞாயித்துக்கிழம தவிர."

கையில் இருந்த பாசியைக் கரையில் போட்டார். தோர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அது தப்பு இல்லேல்லா?"

"தப்பு இல்ல ஐயா!" என்று நான் போட்ட சத்தத்தில், நாலு வயலுக்கு அப்பால் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.